இருபத்தோரு வளையல்

இருபத்தொண்ணு. எண்ணிப் பாத்துக்கங்க மதினி, பெறகு கொறையுதுன்னு சொல்லக்கூடாது. வலது கையில பதினொண்ணு, எடது கையில பத்து. ஒண்ணுகூட ஒடயல. ஏழாம் மாசம் போட்ட வளையல் ஒம்பதாம் மாசம் லேசுல வருமா? உங்க மக கை வேற வீங்கிப் போயிக் கெடந்துச்சு. "ஒடச்சு எடு பவுனுத்தாயி, ஆபரேசன் தியேட்டருக்கு நேரமாச்சு"ன்னு சிஸ்டரு கத்துது. நான் விட்டாத்தானே? பாலித்தீன் பையக் கையில மாட்டி, சோப்புத் தண்ணியத் தடவி, கட்டவெரல உள்ளங்கைக்குள்ள மடக்கி ஒவ்வொண்ணா உருவுனேன். அந்த நேரத்துல ஒரு வளையல் ஒடஞ்சா பெத்துக்கப் போறவ மனசு என்னத்துக்காகும்?

உக்காருங்க. கதவப் பாத்துக்கிட்டு நின்னா சீக்கிரம் பெறந்துருமா? உள்ள போயிப் பத்து நிமிசந்தான் ஆகுது. பனிக்குடத்துல தண்ணி வத்திருச்சுன்னு சொன்னா எல்லாரும் இப்பிடித்தான் பயப்படுறாங்க. இந்தப் பெரசவ வார்டுல நான் ஆயா வேலைக்கு வந்து இருபத்தாறு வருசமாச்சு. நான் உருட்டிக்கிட்டுப் போன ஸ்ட்ரெச்சர் எல்லாம் திரும்பி வந்துருக்கு. எல்லாம்னா, எல்லாம் இல்ல. அத விடுங்க. உங்க மக ராசிக்காரி, கையப் பாத்தாலே தெரியுது. ரெண்டு நாலு அளவுக் கை. சின்னக் கை, ஆனா கெட்டியான கை. வளையக்கடைக்காரன் பிடிச்சுப் பாத்துத்தான் அளவு சொல்லுவான். நான் தூரத்துல வரும்போதே சொல்லிருவேன். நீங்க ரெண்டு ஆறு. சரியா? இல்லன்னு சொல்லுங்க பாப்போம்.

மதினின்னு கூப்புடுறேன்னு தப்பா நெனக்காதீங்க. அம்மான்னு கூப்புட்டா வயசக் கூட்டுறேன்னு சில பேரு மொறைக்கிறாங்க.

இப்ப ஒண்ணு கேக்குறேன். இந்த இருபத்தொண்ணையும் எனக்குக் குடுங்க.

அப்பிடிப் பாக்காதீங்க. நான் பிச்சை கேக்கல, முறையா உள்ளதைக் கேக்குறேன். வளைகாப்பு வளையல் யாருக்குப் போகணும்? பெரசவம் பாத்த மருத்துவச்சிக்கு. உங்க அம்மாவுக்குப் பெரசவம் பாத்தவ வாங்கிட்டுத்தான் போயிருப்பா. இப்ப மருத்துவச்சிக்கு எங்க போறது? டாக்டரம்மா போட்டுக்கிருமா? அது கையில வாட்ச்சே கட்டாது. சிஸ்டரு போடுமா? யூனிபாரத்துக்கு ஆகாது. மிச்சம் யாரு? வலி வந்தவள நடக்க வச்சு, இடுப்பப் பிடிச்சு, வாந்தியத் தொடச்சு, "அம்மா அம்மா"ன்னு என் கையக் கடிச்சா அதையும் வாங்கிக்கிட்டு நிக்கிறவ யாரு? அப்ப வளையல் யாருக்கு? நீங்களே சொல்லுங்க.

எனக்கில்ல. என் கை மொட்டக் கைதான். தியேட்டர் வேலைக்கு வளையல் ஆகாதுன்னு சொல்லிக்கிருவேன். அது பாதி உண்மை. மீதி, அவரு போயிப் பதினேழு வருசமாச்சு.

என் மகளுக்குத்தான் கேக்குறேன். ஒரே மக. ஜோதிலட்சுமி. திருப்பூர்ல பனியன் கம்பெனியில தச்சுக்கிட்டு இருக்கா, மருமகனும் அங்கனதான். கல்யாணமாகிப் பதினோரு வருசமாச்சு மதினி. பதினோரு வருசம். நான் தூக்கிக் குடுத்த பிள்ளைகளை வரிசையா நிக்க வச்சா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிக்கும். எம்மக வயித்துல ஒண்ணு தங்கல. இந்தக் கொடுமைய யாருகிட்டப் போயிச் சொல்ல?

பாக்காத டாக்டரு இல்ல. ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லன்னுட்டாங்க. ஒண்ணுமில்லன்னா பெறகு ஏன் பெறக்கல? அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. வளைகாப்புல பிள்ளை இல்லாதவளக் கூப்புட்டு, அந்தப் பொண்ணு கையத் தொட்டு ரெண்டு வளையல் போட்டு விடுவாங்கள்ல? அடுத்த வருசம் உனக்குன்னு சொல்லுவாங்கள்ல? ரெண்டு வளையலுக்கே அந்தப் பலன்னா, பெத்து எந்திரிச்சவ கையில இருந்து எறங்குன அம்புட்டு வளையலையும் போட்டா? வயித்துப் பிள்ளை ரெண்டு மாசமாக் கேட்டுக்கிட்டு இருந்த சத்தம் மதினி அது.

அன்னைக்கு ஆரம்பிச்சேன். கண்ட வளையல எடுக்க மாட்டேன். மொதப் பெரசவமா இருக்கணும், தாயும் பிள்ளையும் நல்லாருக்கணும். கொறப் பெரசவம், வேற மாதிரி ஆனது, அதெல்லாம் ஆத்துல போட்டுருவேன். நல்ல கையா ரெண்டு மூணு சேந்ததும் அட்டப்பொட்டியில வைக்கோல் வச்சு, திருப்பூரு பஸ்ஸுல போட்டு விட்டுருவேன். மாசா மாசம். ஒரு மாசம் தவறுனதில்ல. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தப்பக்கூட அனுப்பிட்டுத்தான் படுத்தேன். போன் போட்டு, "போட்டியா, கழட்டாமப் போட்டுருக்கியா"ன்னு கேப்பேன். "ம்"னு சொல்லுவா. என்னத்த ம்மு?

ஒருதடவ சொல்லாமக் கொள்ளாமப் போயி நின்னேன். பாத்தா கை மொட்டையா இருக்கு! எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "எங்கடி வளையல்?"னேன். கையத் திருப்பிக் காட்டுறா, மணிக்கட்டுல மூணு தையல் போட்ட தழும்பு. மிசின்ல தைக்கும்போது கண்ணாடி வளையல் மாட்டி ஒடஞ்சு கிழிச்சிருச்சாம். சூப்பர்வைசரு இனிமே போட்டுட்டு வராதன்னுட்டாராம். சரி, கம்பெனியில போடாத, வீட்டுக்கு வந்து போடலாம்ல? மூணு தையலுக்கா இம்புட்டு? இங்க வயித்துல பத்துப் பதினஞ்சு தையலோட மறுநாளு எந்திரிச்சு நடக்குறாளுக.

சாமி வளையலும் விடல நான். ஆடிப்பூரத்துக்கு அம்மனுக்குச் சாத்துற வளையல் இருக்குல்ல, கூட்டத்துல முண்டியடிச்சு வாங்கி அதையும் அனுப்புவேன். அந்த அம்மனும் கைநெறைய வாங்கிப் போட்டுக்கிட்டுச் சும்மா இருக்கா. அவளச் சொல்லி என்ன, வாங்கிப் போட்டுக்க வேண்டியவளே போடலையே.

நில்லுங்க, இந்த ஊசியில நூலக் கோத்துக் குடுங்க. வெள்ளெழுத்துக் கண்ணு. ஆமா, வசம்புதான். மணம் வருதுல்ல? துண்டு துண்டா நறுக்கி, தொளை போட்டுக் காய வச்சுருக்கேன். ரெண்டு வசம்பு, ஒரு கருமணி, ரெண்டு வசம்பு, ஒரு கருமணி. உங்க பேரப்பிள்ளைக்குத்தான் கோக்குறேன். இங்க பெறக்குற எந்தப் பிள்ளையும் என் கையால ஒரு வசம்பு வளையல் வாங்காமப் போகாது. டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா சத்தம் போடும், கயிறு வேணாம், அழுக்கு வேணாம்னு. அதனால வார்டுல கட்ட மாட்டேன். வீட்டுக்குப் போற அன்னைக்கு வாசல்ல வச்சு அம்மாச்சி கையில குடுத்துருவேன். பேரு வைக்கிற அன்னைக்கு அம்மாச்சிதான் போட்டு விடணும். வேற ஆளு போடக்கூடாது. நீங்கதான் போடணும், தெரியும்ல?

காப்புன்னு எதுக்குச் சொல்றோம்? காக்கத்தான். பெறந்த உடனே கையில வசம்பு, வளந்தா கண்ணாடி, கல்யாணத்துக்குத் தங்கமோ கவரிங்கோ, ஏழாம் மாசம் இந்தா இப்பிடிக் கைகொள்ளாம. ஒரு பொம்பள கையப் பாத்தே அவ எந்தப் படியில நிக்கிறான்னு சொல்லிரலாம். இப்ப ஆஸ்பத்திரிக்காரங்களும் ஒண்ணு வச்சுருக்காங்க. பெறந்ததும் பிள்ளை கையில பட்டை கட்டுவாங்க, அம்மா பேரு எழுதி. மாறிறக்கூடாதுன்னு. அதுவும் ஒரு காப்புத்தான்.

பட்டைன்னதும் ஞாபகம் வருது. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு பிள்ளைய விட்டுட்டு ஒருத்தி போயிட்டா. இங்கதான், அந்தக் கடைசிக் கட்டிலு. குளிக்கப் போறேன்னு போனவ வரல. பட்டைய மாத்திக் கட்டி, அம்மா பேரு எழுதுற எடத்துல ஒரு கோடு போட்டு வச்சுருந்தாங்க. காப்பகத்து ஆபீசரு வந்து, எழுதி வாங்கி, வண்டியில கொண்டு போகப் போறாங்க. நான் ஓடிப்போயி, "ஒரு நிமிசம் இருங்க சார்"னு வழிய மறிச்சு, அதுக்கு ஒரு வசம்பு வளையல் போட்டு விட்டேன். யாரு பெத்தா என்ன மதினி? கையில ஒரு காப்பு இல்லாம ஒரு பிள்ளை வாசலத் தாண்டலாமா?

நீங்க என்ன நெனக்கிறீங்கன்னு தெரியுது. நான் சொல்லப் போற பிள்ளை அது இல்ல. அது ஆம்பளப் பிள்ளை. இது பொம்பளப் பிள்ளை.

எதுவா? அதத்தான சொல்ல வர்றேன்.

போன வருசம், சித்திரை கழிஞ்சு, ஒரு நாளு மத்தியானம் எம்மக போன் போட்டா. அவளா போன் போடுறதே அதிசயம். கொரலு ஒரு மாதிரியா இருக்கு, அழுகுறாளா சிரிக்கிறாளான்னு தெரியல. "அம்மா, பிள்ளை வந்துருச்சும்மா"ங்குறா. "எத்தன மாசம்டி?"னு கேக்குறேன். "மூணு மாசம்"ங்குறா. நான் வார்டுல நின்னுக்கிட்டு ஓன்னு அழுதுட்டேன். சிஸ்டரு எல்லாம் ஓடி வந்துருச்சு. ஒருத்திக்குச் சீனிய வாயில போட்டேன், ஒருத்தியக் கட்டிப் பிடிச்சேன். பெறகுதான் சொல்லுறா, வயித்துல மூணு மாசம் இல்லையாம். மடியில மூணு மாசப் பிள்ளையாம். தத்து எடுத்துருக்காங்களாம். சர்க்காருல பேரு எழுதி வச்சு மூணு வருசம் காத்துக் கெடந்து வாங்கிருக்காங்களாம்.

மூணு வருசம் மதினி! மூணு வருசமா நான் மாசா மாசம் வளையல் அனுப்புறேன், அவ அங்குட்டுப் பேரு எழுதி வச்சுட்டு எனக்கு "ம்"னு சொல்லிக்கிட்டு இருந்துருக்கா. பெத்த தாய்கிட்டச் சொல்ல வேணாமா? கேட்டா, "சொன்னா நீ விட்ருப்பியாம்மா?"ங்குறா. விட்டுருப்பேனா? விட்டுருக்க மாட்டேன். அதுக்காகச் சொல்லாம இருக்கிறதா?

வார்டுல என்கிட்டச் சீனி வாங்கித் தின்னவளுக மொகத்துல நான் எப்பிடி முழிக்கிறது? அதுவும் ஒண்ணு.

அதோட விட்டாளா? "அம்மா, பேரு வைக்கப் போறோம். நீ வசம்பு வளையல் கோத்து எடுத்துட்டு வா. ஊருப்பிள்ளைக்கெல்லாம் கோத்துப் போடுறீயே, உன் பேத்திக்கு உன் கையால போடும்மா"ன்னா. எனக்கு வந்த ஆத்திரத்துல, "யாரு பெத்த பிள்ளைக்கு யாருடி காப்புப் போடுறது?"ன்னு கேட்டுப்புட்டேன்.

கேட்டதுல என்ன தப்பு? இல்ல, நீங்க சொல்லுங்க. வாயில வந்துச்சு, கேட்டேன். அந்தப் பக்கம் பிள்ளை அழுகுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. பெறகு வச்சுட்டா.

நான் என்ன கல்லா? எனக்கும் மனசு கேக்கல. தத்து எடுத்த வீட்டுல அடுத்து சொந்தமா ஒண்ணு பெறக்கும்னு எங்க வார்டுல எத்தன பேரு சொல்லிக் கேட்டுருக்கேன். இதுதான் நேரம், விடக்கூடாதுன்னு, அந்த மாசம் வழக்கத்தவிட நல்ல வளையலாப் பாத்து, நாலு கை வளையலு, எல்லாம் தலப்பிள்ளைக்காரிக, பொறுக்கி எடுத்து அனுப்பி வச்சேன். கோவமா இருந்தா அனுப்புவேனா? ஆனா வசம்பு வளையல் வைக்கல. அது வேற.

எட்டு நாள்ல ஒரு மூட்டை வந்துச்சு மதினி. திருப்பூரு பஸ்ஸுல. கண்டக்டரு எறக்க முடியாம எறக்குறாரு. பிரிச்சா, அம்புட்டும் நான் அனுப்புன வளையலு. ஏழெட்டு வருசத்து வளையலு. ஒவ்வொரு கட்டையும் பனியன் துணியில சுத்தி, நூலு போட்டுக் கட்டி, ஒவ்வொண்ணுலயும் ஒரு சீட்டு. நான் அனுப்புன தேதி. அவ கையெழுத்து. அன்னைக்கு மிசின்ல ஒடஞ்சது போக ஒரு வளையல் ஒடயல. ஒடயலைன்னா என்ன அர்த்தம்? அதுக்குப் பெறகு போடவே இல்லன்னு அர்த்தம்! எம்புட்டு வயித்தெரிச்சலா இருக்கும் எனக்கு? சிஸ்டரு ஒண்ணு சின்னப் பிள்ளை, அது சீட்ட எல்லாம் பாத்துட்டு, "போடப் பிடிக்காதவுங்க இப்பிடியா பத்திரமா வச்சுருப்பாங்க பவுனுத்தாயி"ன்னு அழுகுது. அதுக்கென்ன தெரியும், கல்யாணமே ஆகல.

அதோட பேச்சு நின்னு போச்சு. ஒம்பது மாசமாச்சு. நான் போன் போட்டா எடுக்குறதில்லன்னு சொல்ல முடியாது. நான் போடல. அவளா போடட்டும்னு இருக்கேன். சின்னவதான எறங்கி வரணும்? மருமகன் மட்டும் இந்த போன்ல என்னத்தையோ அனுப்பிக்கிட்டே இருக்காரு. நேத்து ஒரு பத்திரிக்கை அனுப்பிருக்காரு. சிஸ்டருதான் வாசிச்சுச் சொல்லுச்சு. வர்ற ஞாயித்துக்கெழமை பிள்ளைக்கு மொட்டையெடுத்துக் காது குத்துறாங்களாம். ஒரு வயசாகப் போகுதாம். அடியில அவ பேரு, அவரு பேரு போட்டு, "அம்மாச்சி பவுனுத்தாய்"னு என் பேரும் போட்டுருக்காம். என்னக் கேட்டா போட்டாங்க? எம்பேரப் போடுறதுக்கு என்னக் கேக்க வேணாமா?

போகலாமான்னு கேக்குறீங்களா? எப்பிடிப் போக? வெறுங்கையோடவா போக முடியும்? அதுக்குத்தான் உங்க மக வளையலக் கேட்டேன். இத மட்டும் கொண்டு போயி அவ கையில போட்டுட்டா...

யாரு? என்னையவா? வர்றேன் சிஸ்டர், வர்றேன்!

மதினி, எந்திரிங்க, பெறந்துருச்சு! பொம்பளப் பிள்ளை! ராசிக்காரின்னு நான் சொல்லல? ரெண்டு பேரும் சொகமா இருக்காங்களாம். அழுகாதீங்க, இந்த முந்தானையில தொடைங்க. இருங்க, நானே வாங்கிட்டு வர்றேன்.

இந்தாங்க. ஏந்திப் பிடிங்க, தலைக்குக் கை குடுங்க. ஆத்தி, கண்ணத் தொறந்து பாக்குது பாருங்க மொறைச்சுக்கிட்டு. பட்டையப் படிச்சுப் பாருங்க, உங்க மக பேருதானே? கையக் காட்டுடி தங்கம். பாத்தீங்களா மதினி, பிள்ளை பெறக்க முன்னாடியே கோத்தேன், அளவு அப்பிடியே இருக்கும். ஒருநாளுப் பிள்ளை கை அளவு எனக்குத் தப்பாது. வாசல்ல வச்சுக் குடுக்குறத உங்களுக்கு இப்பவே குடுக்குறேன், பத்திரமா முடிஞ்சு வச்சுக்கங்க. பேரு வைக்கிற அன்னைக்கு நீங்க போடுங்க. நீங்கதான் போடணும்.

என்ன? இன்னொண்ணு கோக்கவா? யாருக்கு?

திருப்பூருப் பிள்ளைக்கா? நல்லா கேட்டீங்க போங்க. வசம்பு மிச்சம் இருக்கு. கருமணியும் இருக்கு. இல்லாமயா? அது ஒரு வயசுப் பிள்ளை மதினி. தவழ்ந்து, பிடிச்சு நடந்து, கை பெருத்துப் போயிருக்கும். இந்த அளவு எப்பிடிப் பத்தும்? பெருசாக் கோத்தா கழண்டு விழுந்துரும், வாயில போட்டுக்கிரும். சின்னதாக் கோத்தா அழுத்தும். நாலு வசம்பா, ஆறு வசம்பா? இருபத்தாறு வருசமா எவ கையும் பாத்ததும் சொல்றவ நான். அந்தக் கைய நான் பாத்ததில்லையே. எனக்கு அளவு தெரியலையே மதினி.

இந்தாங்க, இந்த இருபத்தொண்ணையும் பிடிங்க. எனக்கு வேணாம். உங்க மகளுக்கே வச்சுக் குடுங்க. அங்க எம்மக எங்க போடப் போறா.

பிள்ளைய இப்பிடிக் குடுங்க, நான் வச்சுருக்கேன். நீங்க இந்த போன வாங்குங்க. அதுல மருமகன் அனுப்புன போட்டோ இருக்காம், நெறையா இருக்காம். நான் ஒண்ணையும் தொறக்கல. எப்பிடித் தொறக்குறதுன்னு தெரியும், சிஸ்டரு சொல்லிக் குடுத்துச்சு. தொறக்கல. நீங்க தொறந்து பாத்துச் சொல்லுங்க. மொகத்தப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல. கை எம்புட்டு இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.